ஆன்டெனா டியூனர் எப்போது வேண்டும்? கேபிளின் மறுமுனையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

லைசென்ஸ் கைக்கு வந்து, ரிக் (டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் சேர்ந்த பெட்டி) வாங்கி, மேலே ஒரு வயரையும் கட்டி முடித்த புது ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டியூனர் ஒன்று வாங்கிவிடட்டுமா?" என்பதுதான். பதிலுக்கு நானும் கேட்பேன்: ஆன்டெனா என்ன வகை, எந்தெந்த பேண்டில் (அலைவரிசைப் பகுதியில்) பேச ஆசை, ஆன்டெனாவுக்கும் ரிக்குக்கும் நடுவில் என்ன கேபிள், எத்தனை மீட்டர்? இது தெரியாமல் வாங்கு என்றோ வேண்டாம் என்றோ சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. சிலருக்கு டியூனர் இல்லாமல் ஒரு பேண்டைத் தாண்டவே முடியாது, வேறு சிலருக்கு அது மேசையில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும். இன்னும் சிலர் அதை வைத்துக்கொண்டு எஸ்டபிள்யூஆர் (கேபிளும் லோடும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் விகிதம், 1:1 என்றால் முழுப் பொருத்தம்) 1:1 என்று நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் அவர்கள் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது. என் கவலையெல்லாம் இந்த மூன்றாவது வகையினரைப் பற்றித்தான்.

முதலில் டியூனர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய ரிக்குகள் எல்லாம் தங்களுக்கு முன்னால் 50 ஓம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. கேபிள் வழியாக வந்து சேரும் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு உள்ள மொத்தத் தடை) அதிலிருந்து ரொம்ப விலகினால், பெரும்பாலான டிரான்சிஸ்டர் ரிக்குகள் எஸ்டபிள்யூஆர் 2:1-ஐத் தாண்டும்போதே தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பவரைக் குறைக்க ஆரம்பித்துவிடும். பழைய வால்வு ரிக்குகளில் ஃபைனலுக்குப் (கடைசி பவர் நிலைக்கு) பின்னால் பை நெட்வொர்க் என்ற பொருத்தும் சுற்று இருந்தது, இரண்டு குமிழைத் திருப்பி அதிலேயே ஓரளவு சமாளித்துக்கொண்டார்கள். டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த வசதி போனது, தனி டியூனர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. காயிலும் கண்டென்சரும் உள்ள ஒரு சுற்று அது. அந்தப் பக்கம் எந்த இம்பீடன்ஸ் வந்தாலும் அதை ரிக்குக்கு 50 ஓம் ஆக மாற்றிக் காட்டுகிறது. அவ்வளவுதான். மேலே தொங்கும் வயரின் நீளத்தில் அது ஒரு மில்லிமீட்டரைக்கூட மாற்றுவதில்லை, டியூனருக்கு அப்பால் கேபிளில் இருக்கும் எஸ்டபிள்யூஆரையும் தொடுவதில்லை. மீட்டரை ரிக்குக்கும் டியூனருக்கும் நடுவில் வைத்தால் 1:1 காட்டும், அதே மீட்டரை டியூனருக்கு அந்தப் பக்கம் மாற்றி வையுங்கள், முன்பு 5:1 இருந்தால் அது அப்படியே இருக்கும். சந்தேகம் இருப்பவர்கள் ஒரு முறை செய்து பார்த்துவிடுவது நல்லது.

அப்படியானால் கேபிளில் இருக்கும் அந்த எஸ்டபிள்யூஆரால் என்ன நஷ்டம்? இங்கேதான் இரண்டு பக்கமும் தவறான நம்பிக்கைகள். 3:1 என்றால் நான்கில் ஒரு பங்கு பவர் திரும்பி வருகிறது, எனவே 100 வாட்டில் 25 வாட் வீண் என்று நினைப்பவர்கள் ஏராளம். திரும்பி வருவது உண்மை, வீணாகிறது என்பது உண்மையில்லை. திரும்பி வந்த பவர் டியூனரில் மோதி மறுபடி ஆன்டெனாவை நோக்கிப் போகிறது. அப்படிப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கேபிள் அதிலிருந்து கொஞ்சம் தின்னும், நஷ்டம் அந்தக் கொஞ்சம் மட்டுமே. ஒரு கணக்கு பார்க்கலாம். 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் (மெல்லிய கோஆக்ஸ், அதாவது நடுவில் கம்பியும் சுற்றிலும் பின்னலும் உள்ளது), 7 மெகாஹெர்ட்ஸ். மேட்ச் சரியாக இருந்தாலே அந்தக் கேபிளில் சுமார் 1.2 டெசிபல் (பவர் விகிதத்தைச் சொல்லும் அளவு) போய்விடும். ஆன்டெனா முனையில் 3:1 இருந்தால் மொத்த இழப்பு சுமார் 1.8 டெசிபல் ஆகும். அதாவது கூடுதலாகப் போவது வெறும் 0.6 டெசிபல். சிக்னல் பலத்தைச் சொல்லும் ஒரு எஸ் யூனிட் என்பதே 6 டெசிபல், எதிர்முனையில் இருப்பவருக்கு இந்த 0.6 காதில் தெரியவே தெரியாது. இதற்காக மழையில் ஏணி போட்டு ஏறி வயரை வெட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

இப்போது மறுபக்கம். என் நண்பர் ஒருவர் 80 மீட்டர் பேண்டுக்கு ஒரு டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த அரை அலை நீள வயர்) கட்டினார், சுமார் 39 மீட்டர் வயர், நடுவில் ஆர்ஜி-58 கேபிள், ஏறக்குறைய 30 மீட்டர். 80-ல் அருமையாக வேலை செய்தது. பிறகு நல்ல ரேஞ்ச் உள்ள ஒரு டியூனரை வைத்து அதே ஆன்டெனாவை 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) ஓட்டினார். மீட்டர் 1:1, ரிக் முழு 100 வாட் தள்ளுகிறது, சூடு இல்லை, புகை இல்லை, எல்லாம் சுபம். ஆனால் நெட்டில் (பல ஸ்டேஷன்கள் ஒரே அதிர்வெண்ணில் கூடிப் பேசும் இடத்தில்) கூப்பிட்டால் பக்கத்து ஸ்டேஷன்கள்கூட "சிக்னல் வீக்" என்றார்கள். ப்ராபகேஷன் (அலை பரவும் நிலை) சரியில்லை, தரை சரியில்லை, ரிக்கில் ஏதோ கோளாறு என்று காரணம் தேடிக்கொண்டிருந்தார். நான் போய் டியூனரை பைபாஸில் (வழியிலிருந்து விலக்கி) போட்டுப் பார்த்தேன், எஸ்டபிள்யூஆர் 6, 7 என்று நின்றது. "பெரிசா ஒண்ணும் இல்லையே, டியூனர்தான் சமாளிக்குதே" என்றார்.

பிரச்சினையே அந்த 6-தான். 80 மீட்டர் டைபோல் 40-ல் ஒரு முழு அலை நீளம் ஆகிவிடுகிறது, நடுவில் ஊட்டினால் அதன் இம்பீடன்ஸ் ஆயிரக்கணக்கான ஓம். 3000 ஓம் என்று வைத்துக்கொள்வோம், 50 ஓம் கேபிளுக்கு அது 60:1. இதே 30 மீட்டர் ஆர்ஜி-58-ல் கணக்குப் போட்டால் மொத்த இழப்பு சுமார் 9.7 டெசிபல் வருகிறது. 100 வாட் புறப்பட்டால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 10, 11 வாட்தான், மீதி கேபிளைச் சூடாக்குவதற்கே சரி. ரிக் பக்கத்தில் 60:1 ஏன் தெரியவில்லை? திரும்பி வரும் பவரும் அதே கேபிளில் கரைந்துதான் வருகிறது, வந்து சேர்வதற்குள் அது சாதுவான 6.5:1 ஆகிவிடும். கேபிள் எவ்வளவு மோசமோ மீட்டர் அவ்வளவு நல்ல சேதி சொல்லும். இன்னொரு உதாரணம்: 50 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58 ஏறக்குறைய 3 டெசிபல் தின்னும். அந்தக் கேபிளின் மறுமுனையில் எதையுமே இணைக்காமல் திறந்து விட்டால்கூட இந்த முனையில் காட்டுவது 3:1-தான். ரிக்குக்குள் இருக்கும் ஆட்டோ டியூனர் அதைச் சில நொடியில் 1:1 ஆக்கிவிடும். ஆன்டெனாவே இல்லாத கேபிளுக்கு!

கேபிளைத் தடிமனாக மாற்றினால் போதுமே என்று நண்பர் கேட்டார். ஆர்ஜி-213 போட்டாலும் இதே நிலைமையில் இழப்பு 7 டெசிபலை ஒட்டித்தான் நிற்கும், ஐந்தில் ஒரு பங்கு பவர்தான் மேலே போகும், கேபிளின் எடையில் டைபோல் நடுவில் தொங்கிப்போவது வேறு. அவர் கடைசியில் செய்தது, கோஆக்ஸைக் கழற்றிவிட்டு அதே வயருக்கு ஓபன் வயர் லைன் போட்டது. இரண்டு வயர், நடுவில் இடைவெளி கெடாமல் பிளாஸ்டிக் ஸ்பேசர்கள், 600 ஓம் அளவில் ஒரு லைன். 3000 ஓமுக்கு அது 5:1 மட்டுமே, லைனின் சொந்த இழப்போ மிக மிகக் குறைவு. மொத்தமாகக் கணக்கிட்டால் கால் டெசிபல் சொச்சம். அதே வயர், அதே உயரம், அதே டியூனர், அதே 100 வாட். 40-ல் அவருக்குக் கிடைக்கும் ரிப்போர்ட் ஒன்றரை எஸ் யூனிட் ஏறியது, கணக்கு சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். அதற்குப் பிறகு யார் டியூனர் பற்றிக் கேட்டாலும் அவரே முந்திக்கொண்டு "என்ன கேபிள்?" என்று கேட்கிறார்.

ஆகவே டியூனர் நிச்சயம் வேண்டும் என்று நான் முதலில் சொல்வது இப்படி ஓபன் வயர் அல்லது 450 ஓம் லேடர் லைன் போட்டு ஒரே டப்ளெட்டில் (நடுவில் இரட்டை வயர் லைன் இணைத்த வயர் ஆன்டெனாவில்) எல்லா பேண்டிலும் பேச நினைப்பவர்களுக்கு. இங்கே எஸ்டபிள்யூஆர் எகிறத்தான் செய்யும், அது தெரிந்தே செய்யும் ஏற்பாடு, லைன் அதைத் தாங்கும், டியூனர் கீழே உட்கார்ந்து மேட்ச் செய்யும். 27 மீட்டர் டப்ளெட் ஒன்று இருந்தால் 80 முதல் 10 வரை போகலாம், 10.1, 18, 24.9 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளும் உட்பட. 1979 உலக வானொலி நிர்வாக மாநாட்டில் கிடைத்த அந்த மூன்று பேண்டுகளும் மற்றவற்றோடு ஹார்மோனிக் (முழு எண் மடங்கு) உறவு இல்லாமல் தனியாக நிற்பவை, அதனால் சாதாரண மல்டிபேண்ட் ஆன்டெனாக்களில் இவைதான் பெரும்பாலும் விட்டுப்போகும். லேடர் லைன் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. ஏதோ ஒரு பேண்டில் மட்டும் டியூனர் பிடிக்கவே மாட்டேன் என்றால் டியூனரைத் திட்ட வேண்டாம், லைனில் இரண்டு மீட்டர் கூட்டியோ குறைத்தோ பாருங்கள், டியூனர் பார்க்கும் இம்பீடன்ஸ் மாறி வழிக்கு வந்துவிடும். இரண்டாவது, ரிப்பன் போல் வரும் லேடர் லைன் மழையில் நனைந்தால் செட்டிங் நகரும், திரும்ப டியூன் செய்ய வேண்டும். ஸ்பேசர் வைத்த வெறும் வயரில் இந்தத் தொல்லை குறைவு. லைன் வந்து சேரும் இடத்தில், டியூனரின் வெளிமுனையில், எனக்குப் பிடித்தது 1:1 கரண்ட் பேலன் (இரட்டை வயர் லைனைக் கோஆக்ஸ் பக்கத்தோடு சேர்க்கும் சாதனம்). பல டியூனர்களுக்குள் 4:1 வோல்டேஜ் பேலன் வைத்துக் கொடுக்கிறார்கள், லைனில் வரும் இம்பீடன்ஸ் ஏற்கெனவே குறைவாக இருக்கும் பேண்டில் அதை இன்னும் நாலில் ஒன்றாக்கி டியூனரைத் திணற வைக்கும்.

80 மீட்டர் பேண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாட்டைப் பொறுத்து 3.5-லிருந்து 3.8 அல்லது 4.0 மெகாஹெர்ட்ஸ் வரை அகலம், அதிர்வெண்ணோடு ஒப்பிட்டால் மிக அகலமான பேண்ட். ஒரு வயர் டைபோல் 2:1-க்குள் அடக்குவது 150, 200 கிலோஹெர்ட்ஸ் இருந்தாலே பெரிது. நடுவில் வெட்டிவிட்டு சிடபிள்யூ (மோர்ஸ்) பக்கமும் ஓரத்தில் நடக்கும் நெட்டுக்கும் போக வேண்டும் என்றால் டியூனர்தான் வழி. இங்கே கோஆக்ஸ் இருந்தாலும் கவலை வேண்டாம், ஓரத்தில் 5:1 வந்தாலும் அந்த 30 மீட்டர் ஆர்ஜி-58-ல் கூடுதல் இழப்பு ஒரு டெசிபல் போலத்தான். ரிக்குக்குள் இருக்கும் டியூனர்கள் பெரும்பாலும் 3:1 வரைதான் பிடிக்கும், 16.7 முதல் 150 ஓம் வரை என்று மேனுவலில் போட்டிருப்பார்கள். பேண்டின் ஓரங்களைச் சரிக்கட்ட வைத்தது அது. முடிந்தால் அதுவே போதும், வெளியே காசு செலவழிக்க வேண்டாம். 40-ல் சரியாக வெட்டிய டைபோலுக்கு அதுகூட வேண்டியதில்லை, 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்து 7.1-க்கு 20 மீட்டர் சொச்சம் வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் பேண்ட் முழுக்க 2:1-க்குள் வந்துவிடும். 1.5:1-ஐ 1:1 ஆக்குவதற்கு டியூனர் போடுவது வீண் வேலை. திரும்புவது 4 சதவீதம், அதுவும் தொலைவதில்லை. டியூனருக்கும் அதன் காயிலில் சொந்தமாக ஒரு இழப்பு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் ஊட்டும்) வயர் பற்றி நிறையக் குழப்பம் இருப்பதால் அதையும் சொல்கிறேன். 49:1 ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த 20 மீட்டர் வயர் அரை அலை ஆன்டெனா. 40, 20, 15, 10-ல் தானாகவே ஒத்துப்போகும், ஒழுங்காக வெட்டியிருந்தால் டியூனர் தேவைப்படாது, மிஞ்சினால் ரிக்குக்குள் இருப்பதே பார்த்துக்கொள்ளும். 9:1 அன்அன் (இம்பீடன்ஸை மாற்றும் ட்ரான்ஸ்ஃபார்மர்) வைத்த ரேண்டம் வயர் வேறு ஜாதி, அது எந்த பேண்டிலும் ஒத்துப்போகக் கூடாது என்றே நீளம் பார்த்து வெட்டுவது. அரை அலையின் மடங்குகளைத் தவிர்த்து 17.7 மீட்டர் போல ஒரு நீளம் பலர் வைக்கிறார்கள். அதற்கு டியூனர் கட்டாயம், தரையில் கவுண்டர்பாய்ஸ் (ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும்) வயரும் கட்டாயம், நடுவில் வரும் கோஆக்ஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இதைப் புரிந்துகொள்ளாமல் 9:1 வாங்கிவிட்டு டியூனர் இல்லாமல் ஏன் 4:1 வருகிறது என்று கேட்பவர்கள் வாராவாரம் வருகிறார்கள். ஜி5ஆர்வி ஆன்டெனாவும் இதே கதைதான். லூயிஸ் வார்னி 1946-ல் வடிவமைத்த அந்த 102 அடி வயர் 14 மெகாஹெர்ட்ஸில் மூன்று அரை அலையாக வேலை செய்வதற்காகவே பிறந்தது. மற்ற பேண்டுகளில் டியூனரோடு ஓட்டுவதுதான் முறை, டியூனர் இல்லாமல் எல்லா பேண்டிலும் ஓடும் என்று விற்றால் நம்ப வேண்டாம்.

லைன் இழப்பையே அடியோடு தவிர்க்க ஒரு வழி, டியூனரை ஆன்டெனாவின் அடியிலேயே வைத்துவிடுவது. தண்ணீர் புகாத பெட்டியில் ரிமோட் ஆட்டோ டியூனர், அதிலிருந்து வயர் நேராக மேலே. கீழே வரும் கோஆக்ஸில் எப்போதும் 50 ஓம்தான் இருக்கும். வண்டியில் விப் (நிமிர்ந்த கம்பி ஆன்டெனா) வைத்திருப்பவர்களும் படகில் போகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். வாய்ப்பிருந்தால் இதுவே சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

மேனுவல் டியூனர் வாங்கினால் அதைத் திருப்பும் கையும் பழக வேண்டும். சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலானவை டி நெட்வொர்க், வரிசையில் இரண்டு கண்டென்சர், நடுவில் தரைக்கு ஒரு காயில். இதில் ஒரே லோடுக்கு 1:1 கொடுக்கும் செட்டிங் பல உண்டு, எல்லாம் ஒன்றல்ல. கண்டென்சரைக் குறைத்துக் காயிலைக் கூட்டிப் பிடிக்கும் மேட்ச் மீட்டரில் அழகாகத் தெரியும், காயிலில் சூடாக இறங்கும், 160-லும் 80-லும் குட்டை ஆன்டெனாவில் அது ரொம்ப மோசம். நான் செய்யும் முறை இது: டிரான்ஸ்மிட் செய்யாமலே முதலில் இரண்டு கண்டென்சரையும் பாதிக்கு மேல் வைத்து, காயில் சுவிட்சை ஒவ்வொரு படியாக நகர்த்துவேன். மந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த பேண்ட் இரைச்சல் ஒரு படியில் திடுமென்று எழும்பும், எஸ் மீட்டர் முள்ளும் கூடவே ஏறும், அதுதான் இடம். அதில் கண்டென்சர்களை லேசாக அசைத்து இரைச்சலை இன்னும் உச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான், அதிர்வெண் காலியாக இருக்கிறதா என்று கேட்டு, கால்சைனைச் சொல்லி, 5 அல்லது 10 வாட்டில் கேரியர் (பேச்சில்லாத வெறும் அலை) போட்டு மீட்டரைப் பார்த்துச் சரிசெய்வேன். கிடைத்ததும் காயிலை ஒரு படி குறைத்துக் கண்டென்சரைக் கூட்டி அதே மேட்ச் வருகிறதா என்று ஒரு முறை பார்ப்பேன், வந்தால் அதையே வைத்துக்கொள்வேன். பவர் போய்க்கொண்டிருக்கும்போது காயில் சுவிட்சைத் திருப்பவே கூடாது, தீப்பொறி பறந்து காண்டாக்ட் கருகிவிடும். எல்லா பேண்டின் செட்டிங்கையும் ஒரு தாளில் எழுதி டியூனர் மேலேயே ஒட்டிவைத்தால், அடுத்த முறை இந்த வேலை சில நொடியில் முடியும், பேண்டில் மற்றவர்களுக்கும் தொந்தரவு இல்லை.

டியூனரின் பவர் ரேட்டிங்கைப் பார்த்து ஏமாறாமல் இருப்பதும் முக்கியம். 3000 ஓம் லோடில் 100 வாட் போட்டாலே உச்ச வோல்டேஜ் 770-ஐத் தாண்டும். பெட்டி மேல் எழுதியிருக்கும் வாட் எண் எந்த லோடுக்கு என்று பெரும்பாலும் எழுதியிருப்பதில்லை, 50 ஓமை ஒட்டிய லோடில் தாங்குவது 3000 ஓமில் படபடவென்று ஆர்க் ஆகும். எனவே 100 வாட் ஸ்டேஷனுக்கு 300 வாட் டியூனர் என்பது ஆடம்பரம் இல்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது எஸ்டபிள்யூஆர் மெதுவாக ஏறுகிறது, நிறுத்தி ஆறவிட்டால் திரும்ப இறங்குகிறது என்றால் ஏதோ ஒரு ஃபெரைட் (காந்தக் கரு), பேலனோ அன்அன்னோ, சூடாகிறது என்று அர்த்தம். பவரைக் குறைத்துவிட்டு முதலில் அதைத் தொட்டுப் பாருங்கள், நிச்சயமாக டிரான்ஸ்மிட் நிறுத்திய பிறகு. மைக்கைத் தொட்டால் சுரீர் என்கிறது, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்பதெல்லாம் காமன் மோட் கரண்ட் (கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டம்), டியூனரால் தீராது, ஆன்டெனா முனையில் அதைத் தடுக்கும் சோக் போடுங்கள். லீனியர் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதற்குப் பின்னால்தான் டியூனர் வர வேண்டும், ரிக்குக்குள் இருக்கும் டியூனரை பைபாஸில் வைத்துவிடுங்கள்.

கடைசியாக, டியூனரையே நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாள் அதை பைபாஸில் போட்டு ஒவ்வொரு பேண்டிலும் எஸ்டபிள்யூஆரை அளந்து எழுதி வையுங்கள், நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) இருந்தால் இன்னும் சௌகரியம். ஆட்டோ டியூனர் கடகடவென்று ரிலே சத்தம் போட்டு எதையும் 1:1 ஆக்கிவிடுவதால், கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருப்பதும், சாலிடர் விட்டுப்போயிருப்பதும், வயரின் ஒரு கை அறுந்து மரத்தில் கிடப்பதும் நமக்குத் தெரியாமலே போகும். தாளில் எழுதிய பழைய செட்டிங் திடீரென்று பொருந்தவில்லை என்றால் குமிழைத் திருப்பத் தொடங்குவதற்கு முன், வெளியே போய் ஆன்டெனாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கேபிள் முனையைக் கழற்றி உள்ளே பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அந்த முனையை மட்டும் மாற்றினால் போதாது, தண்ணீர் உறையின் உள்ளே பின்னல் வழியாக எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதோ அவ்வளவையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டு, இந்த முறை சுயமாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.